தம்பிஐயா சத்தம் போடாத நாள்

9

போன கிழமை நாங்கள் தம்பிஐயாவை ஆஸ்பத்திரி விறாந்தையில், பேத்தி பிறந்த சந்தோஷத்தில், பல் முழுவதும் தெரியச் சிரித்தபடி விட்டுவந்தோம். அந்தச் சிரிப்புக்கு ஆயுள் நாலு மணித்தியாலம் கூட இல்லை.

பிள்ளை பிறந்தது காலை பத்து மணிக்கு. ஒன்றரைக்கு மிஸி ஒருத்தி அறைக்குள்ளிருந்து ஓடிவந்து டொக்ரரைக் கூப்பிட்டாள். இரண்டே முக்காலுக்கு டொக்ரர் வெளியே வந்து தம்பிஐயாவையும் மனைவி பராசக்தியையும் கூப்பிட்டார். பிள்ளை பெற்ற அவர்களுடைய மூத்த மகள் தவமலருக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. இருந்த ஒரு போத்தல் இரத்தமும் ஏற்றியாகிவிட்டது. இன்னொரு போத்தல் வேண்டும்.

தம்பிஐயா சட்டைக்கையை மடித்தார்.

"என்ரையை எடுங்கோ, டொக்ரர்."

"உங்கடையும் சரிவராது, அம்மாவின்ரையும் சரிவராது. பாத்தாச்சு. மகளுக்கு ஓ நெகட்டிவ். நூறு பேரிலை ரண்டு பேருக்கு இருந்தால் பெரிய காரியம்."

"என்ரை மகன்..."

"நகுலனோ? அவரும் பி பொசிட்டிவ். எங்கடை கொப்பியிலை பேர் கிடக்கு."

சண்டையால் மின்சாரம் போய் இரண்டு வருடமாகிறது. குளிர்ப்பெட்டி மண்ணெண்ணெயில் ஓடியது, அதுவும் மண்ணெண்ணெய் கிடைத்த நாட்களில். ஆகவே அங்கே இரத்தத்தைச் சேர்த்து வைக்காமல் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பதினெட்டு வயதுக்காரர்களைச் சோதித்து, பெயரையும் இரத்த வகையையும் ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். தேவை வந்தால் சைக்கிளில் ஆள் போகும்.

மிஸி கொப்பியைப் புரட்டினாள். ஓ நெகட்டிவ் பக்கத்தில் மூன்றே மூன்று பெயர்கள். ஒன்றின் மேல் கோடு கிழித்திருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது ஆள் கொழும்புக்குப் போய்விட்டார்.

"யாகோப்பு, முனைக்கரைக் கல்லூரி," என்று மூன்றாவது பெயரை வாசித்தாள் மிஸி. "அவ்வளவு தூரத்திலை இவரை எங்கை தேடிப் பிடிக்கிறது?"

"தேடத் தேவையில்லை," என்றார் தம்பிஐயா. "இண்டைக்கு மூண்டு மணிக்குக் கோண்டாவில் மைதானத்திலை நிப்பான். பத்தாம் நம்பர். இடக்கையன். ஆறடி ரண்டங்குலம்."

"சொந்தக்காரரோ?"

பராசக்தி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை விளங்க வேண்டுமானால் இவருடைய பைத்தியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

தம்பிஐயா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். ஆலடிக் கல்லூரியின் பழைய மாணவர். அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணி எங்கே விளையாடினாலும் முப்பது வருடமாக அங்கே அவர் நிற்பார். கொள்ளி வைக்க வேண்டிய தகப்பனைக் கூட அரையிறுதி முடியும்வரை காக்க வைத்தவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. அவர் நிற்கிற இடம், எதிரணி பந்து போடுகிற கூடைக்கு நேர் பின்னால். அவர் தனக்குத்தானே எடுத்துக்கொண்ட உத்தியோகம், எதிரணிக்காரன் கோட்டில் நின்று தனியாகப் பந்து போடும்போது கத்திக் குழப்புவது. மூன்று வருடமாக அந்தக் கத்தலுக்கு முக்கிய இலக்கு முனைக்கரைக் கல்லூரியின் யாகோப்பு. கடற்கரைப் பெடியன் என்பதால் "டேய் கருவாடு!" என்று தொடங்குவார். அதற்கு மேலே சொன்னதையெல்லாம் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

போன வருட இறுதிப்போட்டியில் கடைசி நிமிடத்தில் இவர் மடிக்குள்ளிருந்து ஊதல் ஒன்றை எடுத்து ஊதினார். மத்தியஸ்தர்தான் ஊதினார் என்று நினைத்து முனைக்கரைப் பெடியன்கள் நின்றுவிட்டார்கள். ஆலடி ஒரு புள்ளியால் வென்றது. அதற்குப் பிறகு, தம்பிஐயா எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக்கூடாது என்று போட்டிக்குழு கடிதம் அனுப்பியது. அவர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் பொய் சொல்லியோ மதிலேறியோ அவர் வராத ஆட்டம் இல்லை.

இன்றைக்கும் இறுதிப்போட்டி. அதே ஆலடி, அதே முனைக்கரை. போதாக்குறைக்கு மகன் நகுலனும் ஆலடி அணியில் ஆடுகிறான்.

இறுதிப்போட்டிக்கு முதல்நாள் அணி முழுவதும் விடுதியில் தங்குவது ஆலடி வழக்கம். ஆகவே விடிய அக்காவுக்கு வலி கண்டது நகுலனுக்குத் தெரியாது. பெடியனுக்குச் சொல்லி அனுப்புங்கோ என்று பராசக்தி கேட்டாள். இவரோ, அவன் மனம் குழம்பினால் பந்து போடமாட்டான் என்று, பக்கத்து வீட்டு மார்க்கண்டுவிடம் வேறு சேதி சொல்லி அனுப்பினார். வீட்டில் எல்லாரும் சுகம், அக்கா வீட்டில் இருக்கிறாள், நீ விளையாட்டைப் பார். இதுதான் அந்தச் சேதி.

"போங்கோ," என்றாள் பராசக்தி. "காலிலை விழவேணுமெண்டாலும் விழுங்கோ. அந்தப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. உங்களுக்கு இதுவரைக்கும் நான் ஒண்டும் சொன்னதில்லை. இண்டைக்குச் சொல்லுறன். அவனில்லாமல் தனிய இஞ்சை வராதேங்கோ."

"எத்தினை மணிக்குள்ளை, டொக்ரர்?"

"அஞ்சுக்கு முன்னம் ஏத்தத் தொடங்கோணும். அதுக்குப் பிறகு கஷ்டம்."

மிஸி ஒரு துண்டில் பென்சிலால் பெயரையும் இரத்த வகையையும் எழுதிக் கொடுத்தாள். மருமகன் கொழும்பில். பாதை பூட்டிக் கிடக்கிறது. தனக்குப் பெண் பிள்ளை பிறந்ததே அந்த மனுஷனுக்கு இன்னும் தெரியாது. தம்பிஐயா துண்டை மடிக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

மூன்றரை மைல். எதிர்க்காற்று. ஐம்பத்திரண்டு வயது.

கோண்டாவில் மைதான வாசலில் பட்ஜ் குத்திய இரண்டு மாணவத் தலைவர்கள் நின்றார்கள். உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது. சனத்தின் இரைச்சல் மதிலுக்கு மேலால் வந்தது.

"அங்கிள், உங்களை விடக்கூடாதெண்டு கடிதம் கிடக்கு."

"பிள்ளையள், இது ஆசுப்பத்திரி அலுவல். என்ரை மகளுக்கு..."

"போன கிழமை அரையிறுதிக்கு உங்கடை மாமியார் செத்துப்போனாவெண்டு சொன்னனீங்கள்."

மாமியார் செத்தது உண்மை. ஆனால் அது எழுபத்தெட்டாம் ஆண்டு. தம்பிஐயா கும்பிட்டார். அவர்கள் சிரித்தார்கள். அந்தக் கும்பிட்டையும் அவர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள்.

பின்பக்கம் போய் மதிலோடு சைக்கிளைச் சாத்தி, கரியரில் ஏறி, மதிலைப் பிடித்து எம்பினார். மேலே பதித்திருந்த போத்தல் ஓடு வேட்டியைக் கிழித்தது. ஒரு செருப்பு வெளியே விழுந்தது. மற்றது உள்ளே எங்கேயோ போனது. கால்கள் பழக்கத்தில் அவரைத் தன்பாட்டில் கூடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தின.

"அண்ணை வந்திட்டார்!" என்று மார்க்கண்டு துள்ளினான். சுற்றி நின்ற ஆலடிச் சனம் கைதட்டியது. "இருபத்தேழுக்கு முப்பத்திநாலு அண்ணை. ஏழு குறைவு. எல்லாம் உந்த யாகோப்புவாலை வந்த வினை. இருபத்திரண்டு அவன் ஒருத்தன் போட்டது. இந்தா, கோட்டிலை வந்து நிக்கிறான். கத்துங்கோ அண்ணை!"

யாகோப்பு கோட்டில் நின்று பந்தை மூன்று தரம் தட்டினான். அவனுடைய வழக்கம் அது. மூன்றாவது தட்டோடு தம்பிஐயாவின் சத்தம் எழும்பும். அதுவும் வழக்கம். யாகோப்பு நிமிர்ந்தான். தம்பிஐயாவைக் கண்டான். காத்திருந்தான்.

சத்தம் வரவில்லை.

பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டாவது பந்தைத் தட்டிவிட்டு மறுபடியும் அவரைப் பார்த்தான். தம்பிஐயா இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஊமைபோல நின்றார். அந்தப் பந்தும் கூடைக்குள் விழவில்லை.

"கத்தாமலே அவனை விழுத்திப்போட்டியள் அண்ணை! இது புது வித்தையோ?" என்று மார்க்கண்டு அவருடைய முதுகில் தட்டினான். தம்பிஐயா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவர் அந்தப் பெடியனின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலடிப் பெடியன் ஒருவன் முழங்கையால் இடித்தபோது தம்பிஐயா தன் விலாவைப் பொத்திக்கொண்டார். ஆட்டம் பாதியை நெருங்கும்போது, மேலே பாய்ந்த யாகோப்புவை இரண்டு பேர் சேர்ந்து மோதினார்கள். அவன் சீமெந்துத் தரையில் முழங்கால் தேய விழுந்தான். ஆலடிச் சனம் ஆரவாரித்தது. முழங்காலில் இரத்தம் வழிந்தது. நாலைந்து சொட்டுத்தான். தம்பிஐயாவுக்கு அந்த நாலைந்து சொட்டையும் ஓடிப்போய்க் கையில் ஏந்த வேண்டும்போல இருந்தது. ஐயோ, அதைச் சிந்தாதை, ராசா, அது என்ரை பிள்ளைக்கு வேணும் என்று மனம் கதறியது. முப்பது வருடத்தில் எதிரணிக்காரன் ஒருவன் விழுந்ததற்கு அவர் அழுதது இதுதான் முதல் தடவை.

இடைவேளை ஊதல் கேட்டது. தம்பிஐயா ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடினார்.

முனைக்கரைப் பயிற்சியாளர் இன்னாசித்தம்பி மாஸ்ரர் சிறிய மனிதர், ஆனால் முள்ளுப்போல ஆள். இவரைக் கண்டதும் தன் பெடியன்களுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"நீர் உள்ளை வரக்கூடாதெல்லோ?"

"மாஸ்ரர், உங்கடை யாகோப்பு ஒருக்கால் என்னோடை வரோணும். என்ரை மகள் ஆசுப்பத்திரியிலை. காலமை பிள்ளை பிறந்தது, இரத்தம் நிக்கேல்லை. இந்தப் பிள்ளையின்ரை இரத்தம்தான் அவளுக்குச் சேருமாம். அஞ்சு மணிக்கு முன்னம் ஏத்தாட்டில் அவள்..." துண்டை எடுத்து நீட்டினார்.

மாஸ்ரர் துண்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"முத்திரையில்லை, கையெழுத்தில்லை. பென்சிலாலை ஒரு பேர். உதை ஆரும் எழுதலாம். போன வருசம் ஊதல். இந்த வருசம் இரத்தமோ?"

பின்னால் முனைக்கரைச் சனம் சிரித்தது. பத்து மைல் சைக்கிள் உழக்கி வந்த சனம், அந்தச் சிரிப்பில் கோபமும் இருந்தது.

"என்ரை பிள்ளையாணை, மாஸ்ரர்."

"பிள்ளையாணையோ? நல்லது. பிள்ளையையே கேப்பம்." மாஸ்ரர் மறுபக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "தம்பி நகுலன்! ஒருக்கால் இஞ்சாலை வாரும்!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நகுலன் ஓடிவந்தான். கிழிந்த வேட்டியும் வெறுங்காலுமாகத் தகப்பனை மைதான நடுவில் கண்டதும் அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்றைக்கும் மானத்தை வாங்க வந்துவிட்டார் என்று நினைத்திருப்பான்.

"உம்மடை அக்கா எங்கை?" என்று கேட்டார் மாஸ்ரர்.

"நகுலன்..." என்று தொடங்கிய தம்பிஐயாவை மாஸ்ரர் கையால் மறித்தார்.

"நீர் பேசாதையும். பெடியன் சொல்லட்டும்."

"அக்கா வீட்டிலை, சேர்," என்றான் நகுலன். "சுகமாய் இருக்கிறா. காலமைதான் அப்பா மார்க்கண்டு அண்ணையிட்டைச் சொல்லி அனுப்பினவர்."

சனம் ஊளையிட்டது. யாரோ தோடம்பழத் தோலை எறிந்தார்கள். அது தம்பிஐயாவின் தோளில் பட்டு விழுந்தது.

அவர் மகனைப் பார்த்தார். பெடியன் பொய் சொல்லவில்லை. இவர் ஊட்டியதைத்தான் கக்கினான். இவருக்குத் தன் வாயைத் தானே கிழிக்க வேண்டும்போல இருந்தது. அப்படியே மாஸ்ரரைத் தாண்டிப் போய்ச் சீமெந்தில் முழங்காலில் விழுந்து, வாங்குப் பலகையில் இருந்த யாகோப்புவின் காலைப் பிடித்தார்.

"தம்பி, நான் பொய்காரன். ஓம், அவனுக்குப் பொய் சொல்லி அனுப்பினது நான்தான், அவன் குழம்பாமல் விளையாடோணுமெண்டு. உனக்குச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிப்போட்டன். என்னை அடி. இஞ்சை எல்லாருக்கும் முன்னாலை செருப்பாலை அடி. ஆனால் வா, ராசா. அவளுக்கு இருபத்தாறு வயசு."

யாகோப்பு காலை இழுத்துக்கொண்டான். ஒரு பெரிய மனுஷன் காலில் விழுந்தது அவனுக்குப் பயமாக இருந்தது.

"ஐயா, நான் ரண்டு பந்து விட்டனான். ஏன் நீங்கள் கத்தேல்லை?"

"வரேல்லை, தம்பி. கத்த வரேல்லை."

யாகோப்பு மாஸ்ரரைப் பார்த்தான்.

"சேர், மூண்டு வருசமாய் இந்த ஐயா கத்தாமல் நான் ஒரு பந்தும் போட்டதில்லை. இண்டைக்குச் சத்தம் வருமெண்டு பாத்துக்கொண்டு நிண்டுதான் ரண்டையும் விட்டனான். குழப்பத்தான் வந்தவரெண்டால் கத்தியிருப்பார். இது பொய்யில்லை, சேர்."

"விசர்க்கதை கதையாதை!" மாஸ்ரர் கையிலிருந்த துண்டைக் கசக்கினார். அவரும் மூன்று வருடமாக இந்தக் கிண்ணத்துக்குத் தவம் கிடக்கிறவர். "சரி, உண்மையெண்டே வைப்பம். விளையாடி முடிச்சிட்டுப் போ. இன்னும் முக்கால் மணித்தியாலம். அவ்வளவுதானே?"

யாகோப்பு மேசையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தான். மூன்று நாற்பத்தைந்து. ஆட்டம் முடிய நாலரை. மூன்றரை மைல். போய் இரத்தம் பொருந்துகிறதா என்று சோதித்து, எடுத்து, ஏற்ற... அவன் வாங்கிலிருந்து எழும்பிச் சட்டையைத் தேடினான்.

"யாகோப்பு! நீ போனால் எங்களிட்டை என்ன கிடக்கு?"

"அந்தக் கொப்பியிலை நான் கையெழுத்து வைச்சனான், சேர். கூப்பிட்டால் வருவன் எண்டு."

முனைக்கரைப் பெடியன்களில் ஒருவன் பந்தைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

நகுலன் தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றான். அவனுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"அப்பா, அக்கா இருக்கிறாவோ?"

"இருக்கிறாள். நான் வெளிக்கிடேக்கை இருந்தவள்."

"எனக்கேன் பொய் சொன்னனீங்கள்?"

"நீ நல்லாய் விளையாடோணுமெண்டு..."

பெடியன் அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை. பிள்ளைகள் அப்படிப் பார்த்த பிறகு பெற்றவர்கள் பழையபடி ஆவதில்லை.

"சைக்கிள் எங்கை?" என்று கேட்டான்.

"பின்மதிலோடை."

"நீங்கள் உழக்கினால் ஆறு மணியாகும். நான் ஏத்திக்கொண்டு போறன். யாகோப்பு, ஓடிவாரும்!"

ஆலடியின் எட்டாம் நம்பரும் முனைக்கரையின் பத்தாம் நம்பரும் மைதானத்தின் குறுக்கே ஒன்றாக ஓடி மதிலில் ஏறிக் குதித்ததை அங்கிருந்த சனம் முழுவதும் பார்த்தது. நகுலன் நன்றாக ஓடுவான், ஆனால் பந்து போடுவதில் சுமார். அவன் போனதால் ஆலடிக்குப் பெரிய நட்டம் இல்லை. யாகோப்பு போனதால் முனைக்கரைக்கு எல்லாமே போயிற்று. இந்தக் கணக்குத் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

தம்பிஐயா நடந்து வெளியேறினார். மார்க்கண்டுவிடம் சைக்கிள் இருந்தது. ஆனால் அவன் ஆட்டத்தை விட்டுவிட்டு வரமாட்டான். இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பிருந்த தம்பிஐயாவும் வந்திருக்க மாட்டார். ஆகவே அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நின்ற மாணவத் தலைவர்கள் விலகி வழி விட்டார்கள்.

அவர் ஒழுங்கையில் இறங்கும்போது இரண்டாம் பாதிக்கான ஊதல் கேட்டது. பிறகு ஆலடிச் சனத்தின் ஆரவாரம். ஒரு தரம், இன்னொரு தரம், உடனேயே இன்னொரு தரம். அவர் திரும்பவில்லை.

தார் சுட்டது. ஓடினார், முடியாமல் நடந்தார், மறுபடியும் ஓடினார். ஆலடி வென்றால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகப் போன வெள்ளிதான் மருதடிப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தார். பிள்ளைப்பேற்றுக்கு இருந்த மகளுக்காக என்ன நேர்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதைப் பராசக்தி பார்த்துக்கொள்வாள் என்று விட்டிருந்தார். வெட்கமாக இருந்தது, துக்கத்தைவிட வெட்கமே கூடுதலாக இருந்தது. பிள்ளையாரே, ஆலடி தோற்கட்டும், இனி எல்லா வருடமும் தோற்கட்டும், அவளை மட்டும் தா என்று வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனார். சுதுமலையில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்தவர்கள் வெறுங்காலோடு தனக்குத்தானே கதைத்துக்கொண்டு ஓடிய சங்கக்கடை மனேச்சரை அதிசயமாகப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து ஆக ஏழு நிமிடம் இருந்தது. பராசக்தி அறை வாசலில் நின்றாள்.

"ஏறுது," என்றாள்.

கதவு இடுக்கால் பார்த்தார். போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. தவமலரின் முகம் வெளுத்த துணியாகக் கிடந்தது. கண் திறக்கவில்லை. டொக்ரர் அவருடைய தோளைத் தொட்டு, "போக்கு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இப்ப ஒண்டும் சொல்லேலாது. விடியட்டும், பாப்பம்," என்றுவிட்டுப் போனார்.

யாகோப்பு விறாந்தை வாங்கில் படுத்திருந்தான். வாங்கின் நீளம் போதாமல் கால் இரண்டும் வெளியே தொங்கின. நகுலன் பக்கத்தில் இருந்து தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சீனி இல்லை, பனங்கட்டித் துண்டு ஒன்று எங்கேயோ தேடி வாங்கியிருந்தான். தகப்பன் வந்ததைக் கண்டும் அவன் எழும்பவில்லை, கதைக்கவும் இல்லை.

தம்பிஐயா வாங்கடியில் நிலத்தில் இருந்தார். நன்றி என்று சொல்லப் போனார். அந்தச் சொல் இதற்குப் போதாது என்று பட்டது.

"ஐயா, நான் வழியிலை யோசிச்சனான்," என்றான் யாகோப்பு. குரல் மெல்லியதாக இருந்தது. "எங்கடையாக்கள் தோத்திருப்பினம். இனி ஊரிலை என்ன கதைப்பினம் எண்டு எனக்குத் தெரியும். யாகோப்பு ஆலடிக்காரருக்கு விலைபோனவன் எண்டுவினம். மதிலாலை குதிச்சு அவங்கடை பெடியன்ரை சைக்கிளிலை ஏறினதை எல்லாரும் கண்டவை."

"நான் வாறன், தம்பி. உங்கடை ஊருக்கு வந்து சொல்லுறன்."

"ஞாயிறு பூசை முடிஞ்சு சனம் வெளியிலை வரேக்கை, மாதா கோயில் வாசல்லை நிண்டு சொல்லோணும். எல்லாருக்கும் கேக்கச் சொல்லோணும்."

"சொல்லுவன். ஆனால்..." தம்பிஐயா நிலத்தைப் பார்த்தார். "என்னை ஆரப்பா நம்பப் போகினம்?"

"அதுதான் ஐயா எனக்கும் பயமாய்க் கிடக்கு," என்றான் யாகோப்பு.

வாசலில் சைக்கிள்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, ஐம்பது அறுபது இருக்கும். நகுலன் எழும்பினான்.

"நீ இரு. அவனுக்குப் பக்கத்திலை இரு," என்றார் தம்பிஐயா. அவரே எழும்பி வாசல் படலையடிக்குப் போனார். அடி விழுந்தால் விழட்டும் என்றுதான் போனார்.

இன்னாசித்தம்பி மாஸ்ரர் கூட்டத்தின் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். முன்னுக்கு நின்றது ஒரு பெண். ஆட்டம் பார்க்க யாரோ ஒருவனின் சைக்கிள் கரியரில் ஊரிலிருந்தே வந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி.

"நான் லூர்த்தம்மா. யாகோப்புவின்ரை தாய். நீர்தானே என்ரை பிள்ளையைக் கொண்டு வந்தது?"

"ஓம் அம்மா. உங்கடை பிள்ளை என்ரை பிள்ளைக்கு..."

"அதெல்லாம் மாஸ்ரர் சொன்னவர். நான் அதுக்கு வரேல்லை." அவள் அவரைத் தாண்டி உள்ளே பார்த்தாள். "அவன்ரை உடம்பிலை எடுத்திட்டியளோ?"

"எடுத்து ஏறுது, அம்மா."

"ஐயோ, மாதாவே! அவன் நேற்று மத்தியானம் தொடக்கம் ஒரு பருக்கையும் தின்னேல்லை. பெரிய ஆட்டமெண்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது, முடிஞ்ச பிறகுதான் தின்னுவான். உங்களிலை ஒருத்தரும் அவனைக் கேக்கேல்லையோ?"

மிஸி கேட்டிருந்தாள். ஊசி குத்த முன்னம், சாப்பிட்டதோ என்று கேட்டிருந்தாள். வயிறு முட்டச் சாப்பிட்டனான் என்று யாகோப்பு சிரித்துக்கொண்டு சொன்னானாம்.

விறாந்தையில் கோப்பை விழுந்து உடைந்தது.

"அப்பா!" என்று நகுலன் கத்தினான். "இவனுக்குக் கண் மேலை போகுது! ஓடியாங்கோ அப்பா!"

லூர்த்தம்மா தம்பிஐயாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். தம்பிஐயா, "டொக்ரர்!" என்று கத்தினார். அன்றைக்கு அவர் போட்ட முதல் சத்தம் அதுதான்.

(தொடரும்)